ஒரு துளி வியர்வையும் ஒரு தோள் இடியும்

அந்தப் பெட்டியின்மேல் கையை ஊன்றாதீர்கள், அம்மா. கோபித்துக்கொள்ள வேண்டாம். உள்ளே இருப்பது எளிதில் வளையக்கூடிய பொருள். அட்டைப்பெட்டிதானே என்று எண்ணி எழும்பூரில் ரயில் ஏறியதும் ஒருவர் அதன்மேல் தம் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டார். எடுங்கள் என்றேன். எடுத்தார். நான் சொன்னால் பொதுவாக எடுத்துவிடுவார்கள்.

நீங்கள் கைபேசியில் பேசியது என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் இருந்தவளுக்குக் கடைசி வரிசையின் முணுமுணுப்பும் கேட்கத்தான் செய்யும். அது செவியின் பழக்கம். கணவருடன் இத்தாலிக்குப் போகப்போவதாகச் சொன்னீர்கள். கோடை விடுமுறையில். கூடாது.

ஏன் கூடாது என்பதைச் சொல்கிறேன். நீங்கள் மதுரையில்தானே இறங்குகிறீர்கள்? நேரம் இருக்கிறது.

என் பெயர் மரகதவல்லி. பாளையங்கோட்டையில் பெண்கள் மேல்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அதோ, மூன்று வரிசைக்கு முன்னால் சன்னலோரம் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாரே, அவர் என் கணவர் சபாநடேசன். பொதுப்பணித்துறைப் பொறியாளர். தாமிரபரணிக் கால்வாய்களின் மடையைத் திறப்பதும் அடைப்பதுமாகவே பணிக்காலம் முழுவதையும் கழித்தவர். பெட்டி இருக்கும் இந்த இருக்கை உண்மையில் அவருடையது. அவரால் எங்கே அமர்ந்தாலும் தூங்க முடியும். பெட்டியைக் கண்ட இடத்தில் வைக்க முடியாது.

பயணம் என்றால் இரண்டைத் தவிர்க்க வேண்டும், அம்மா. வெயில், கூட்டம். இவ்விரண்டையும் தவிர்த்துவிட்டால் மனிதன் எங்கு வேண்டுமானாலும் போகலாம். தவிர்க்கத் தெரியாதவர்கள் என் நாத்தனாரைப் போல் திரும்பி வருவார்கள்.

அவள் பெயர் உலகம்மை. பெயருக்கேற்றபடி உலகம் சுற்றுகிறாள். போன ஆண்டு ரோமாபுரிக்குப் போனாள். எந்த மாதத்தில் போனாள் தெரியுமா? ஆடியில். காரணம் கேட்டேன்.

"ஆடியில ஒரு கல்யாணம் காச்சி கெடையாது மதினி. வீடு பால்காய்ச்சு கெடையாது. எவன் வெளிய கெளம்புவான்? ரோடு ஜோருன்னு கெடக்கும்" என்றாள்.

கேட்டீர்களா? ரோமாபுரிக்காரர்கள் ஆடி பார்ப்பார்களா? ஐரோப்பாவுக்கு அதுதான் உச்சக் கோடை. பாதி உலகம் அங்கே வந்து இறங்கும் காலம். உலகம்மை அங்கே ஒரு பொது நீரூற்றின் ஓரத்தில் மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்க வந்த அவள் கணவரும் அவளருகிலேயே அமர்ந்து தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார். புகைப்படம் இருக்கிறது. முகம் கருவாடாக, முதுகெல்லாம் வேர்க்குருவாக வந்து சேர்ந்தாள். நம் ஊர்ப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு அயல்நாட்டின் கூட்டத்தைக் கணக்கிடுவதைப் போன்ற அறியாமை உண்டா? நான் அதை அவளிடம் நேரிலேயே சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். தீபாவளிக்கு வந்தபோது மூன்றாம் முறையும் சொன்னேன்.

இங்கேதான் வினை தொடங்கியது.

என் கணவருக்கு ஓர் ஆசை உண்டு. ஒன்றே ஒன்றுதான். வெனிஸ் நகரத்தைப் பார்க்க வேண்டும். "தெருவெல்லாம் கால்வாய், ஏளா! ஒரு மடை கெடையாது, ஒரு ஷட்டர் கெடையாது. எப்படி மராமத்து பாக்கான்?" என்று திருமணமான ஆண்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் ஆகட்டும் ஆகட்டும் என்று சொல்லி நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. பிறகு அவர் இதயக் குழாயில் ஓர் அடைப்பு வந்தது. மடைகளைப் பற்றி இவ்வளவு அறிந்தவருக்கு! கம்பிவலை வைத்துத் திறந்துவிட்டார்கள். மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: "எங்க வேணாலும் போங்க சார். ஆனா வெயில்ல வேர்க்க விறுவிறுக்க அலையக் கூடாது. கூட்டத்துல இடிபடக் கூடாது."

அன்று முதல் அந்த ஆசையைப் பற்றி அவர் பேசவில்லை. பேசாமலிருப்பது அவர் இயல்பன்று. நாளிதழில் வெனிஸ் என்று எங்காவது வந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்துவிட்டு எழுந்து போவார். எனக்கு இத்தகைய மௌன நாடகங்கள் பிடிக்காது. தீபாவளிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது அறிவித்தேன்: நாங்கள் வெனிஸ் போகிறோம்.

உலகம்மை அதிரசத்தைக் கீழே வைத்தாள். "அண்ணனக் கொண்டு போயி என்னத்தயாவது ஆக்கிப்பிடாதிய மதினி. என்னைய மாதிரி கல்லு மாதிரி இருக்கவளே விழுந்துட்டேன்."

"நீ விழுந்ததற்குக் காரணம் நகரம் அன்று, நீ தேர்ந்தெடுத்த மாதம்" என்றேன். என் மகள் பொன்முகலியும் அத்தை பக்கம் சேர்ந்துகொண்டாள். ஆளுக்கொரு குரல். அப்போது நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். எல்லோர் முன்னிலையிலும் கொடுத்தேன். "இவர் உடலில் ஒரு துளி வியர்வை அரும்பாமல், இவர்மேல் ஒரு தோள் இடிக்காமல் அழைத்துப்போய்த் திரும்ப அழைத்துவருவேன். இரண்டில் ஒன்று தவறினாலும், இனி இந்த வீட்டில் யார், எங்கே, எப்போது போவது என்பதைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். உலகம்மை சொல்வதே முடிவு."

பொன்முகலி அத்தையைப் பார்த்தாள், அத்தை பொன்முகலியைப் பார்த்தாள். என் கணவர் மட்டும், "ஏளா, ஸ்வெட்டர் எத்தன எடுத்துக்கணும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு பின்வாங்க முடியுமா, சொல்லுங்கள்.

பையை உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. பெட்டியின்மேல் சாய்க்காதீர்கள். நன்றி.

நான் ஆராய்ந்தேன். மூன்று ஆண்டுகளின் வெப்பநிலைகளை வாரவாரியாக எழுதி அட்டவணை தயாரித்தேன். பிப்ரவரியில் ஏழெட்டுப் பாகை செல்சியசுக்கு மேல் ஏறுவதில்லை. வெயில் தீர்ந்தது. அடுத்தது கூட்டம். இதற்கு எனக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. முப்பத்தொரு ஆண்டு அனுபவம் இருந்தது. பிப்ரவரி என்பது என்ன? பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு. பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு. மார்ச்சில் பொதுத்தேர்வு. பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் தொலைக்காட்சியைக்கூடப் போடமாட்டார்கள். உறவினர் வந்தால் வாசலிலேயே காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெற்றோர் எவரும் ஊரைவிட்டு நகரமாட்டார்கள். ஆகவே பிப்ரவரி இரண்டாம் வாரம் வெனிஸ் காலியாகவே இருக்கும். இதைவிடத் திட்டவட்டமான கணக்கு இருக்க முடியாது.

ஏன் சிரிக்கிறீர்கள்? இருமலா? தண்ணீர் குடியுங்கள்.

பயணச்சீட்டு ஏற்பாட்டுக்கு ஜெஸிந்தாவிடம் போனேன். என் பழைய மாணவி. இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே சொந்தமாகப் பயண அலுவலகம் நடத்துகிறாள். வயது நாற்பத்திரண்டு. நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றாள். நான் என் அட்டவணையை விரித்துக் காரணங்களை வரிசையாக விளக்கினேன். பாதியில், "மிஸ், அந்த வாரம் அங்க வந்து..." என்றாள்.

"நான் இன்னும் முடிக்கவில்லை. உட்கார்" என்றேன். உட்கார்ந்தாள்.

செய்முறைத் தேர்வுகளைப் பற்றிச் சொல்லும்போது மறுபடியும் எழுந்தாள். "மிஸ், தவக்காலம் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி அங்க ஒரு..."

"ஜெஸிந்தா, இது சுற்றுலா. திருயாத்திரை அன்று. உட்கார்."

மூன்றாம் முறை அவள் எழவில்லை. கையை மட்டும் உயர்த்தினாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவளும் கையை இறக்கிக்கொண்டு, "அறைதான் கெடைக்கிறது கஷ்டம் மிஸ், ஆனா பாக்கேன்" என்றாள். காலியான ஊரில் அறை கிடைப்பது ஏன் கஷ்டம் என்று நான் அப்போதே கேட்டிருக்கலாம். சிக்கனமாக நடத்தும் ஊர் போலும், கூட்டமில்லாத காலத்தில் விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முன்னெச்சரிக்கையில் நான் குறை வைப்பதில்லை. சுற்றுலா அழைத்துப்போகும்போது மாணவியர் சட்டையில் பெயர் அட்டை குத்திவிடுவோம். அவ்வாறே ஆளுக்கோர் அட்டை தயாரித்தேன். அவருடையதில் பெயர், வயது, விடுதி முகவரி. கீழே பெரிய எழுத்தில்: "இதய நோயாளி. இடிக்காதீர்கள். இரண்டு முழம் தள்ளி நிற்கவும்." தமிழில், ஆங்கிலத்தில், இத்தாலிய மொழியிலும். ரோமாபுரியில் ஆறு ஆண்டு படித்து வந்த ஒரு கன்னியாஸ்திரி நம் ஊர் மடத்தில் இருக்கிறார், அவர் எழுதிக்கொடுத்தார். முழம் என்பதற்கு அந்த மொழியில் சொல் தேடி வெகுநேரம் யோசித்தார். இருவர் நெஞ்சிலும் ஊக்கு வைத்துக் குத்தினேன்.

உடையும் அப்படித்தான். நான் எந்த நாட்டுக்குப் போனாலும் புடவைதான். அரக்கு நிறக் காஞ்சிபுரப் பட்டு, நான்கு விரற்கடைச் சரிகைக் கரை. அதன்மேல் அவருடைய பழைய அலுவலகக் கம்பளிச் சட்டை. அதன்மேல் இராணுவத்திலிருந்த என் அண்ணனின் நீண்ட மேற்கோட்டு. பித்தளைப் பொத்தான்கள் இன்னும் இருக்கின்றன. கழுத்தில் பச்சைக் கம்பளிப் பட்டை. தலையில் குரங்குக் குல்லா. அதன்மேல் மூக்குக்கண்ணாடி. காலில் வெள்ளைக் கான்வாஸ் காலணி. கையில் கறுப்புக் குடை. அவருக்கும் குரங்குக் குல்லா. மேலே பொன்முகலி வாங்கிக்கொடுத்த ஆரஞ்சு நிற மழைச்சட்டை. கண்ணியமான தோற்றம்.

வெனிஸ் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தோம். படிகள், படிகளுக்குக் கீழே நீர். அவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏளா... கரையே கெட்டல. வீட்டுச் செவுருதான் கரை!" என்றார். குரல் தழதழத்தது. குளிர்.

அப்போது முதல் ஆளைப் பார்த்தேன். கறுப்பு அங்கி, மூன்று மூலைத் தொப்பி. முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைவெளேரென்று ஒரு மூடி.

"என்னளா இது?" என்றார்.

ஒரு பொருளுக்கு விளக்கம் தெரியாமல் நான் விட்டதில்லை. "கடுங்குளிர் நாடு. முகத்தையும் காக்க வேண்டியிருக்கிறது. நம் குரங்குக் குல்லாவின் வளர்ந்த நிலை" என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார். இரண்டாம் ஆளுக்குக் கொக்கைப் போல ஒரு முழ நீளத்துக்கு மூக்கு. "சளிக்குப் பாதுகாப்பு" என்றேன். மூன்றாவதாக ஒரு பெண்மணி. தலையில் ஒரு கப்பலே இருந்தது, பாய்மரம் விரித்த கப்பல். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்வதும் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று.

தலைகளை எண்ணுவது என் பழக்கம். நாற்பது வரை எண்ணினேன். ஒரு பாலத்தில் ஏறினோம். உச்சியிலிருந்து அந்தப் பக்கம் பார்த்தேன். எண்ணுவதை நிறுத்தினேன்.

எப்படிச் சொல்வேன், அம்மா! நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தன்று நான்கு ரதவீதிகளிலும் நிற்கும் கூட்டத்தை அள்ளி, ஒரு சந்துக்குள் ஊற்றி, எல்லோர் முகத்திலும் பூனை, நிலா, சூரியன் என்று மாட்டிவிட்டதைப் போல. மேலிருந்து வண்ணக் காகிதத் துணுக்குகள் மழையாகக் கொட்டுகின்றன. எங்கோ முரசு. எங்கோ ஊதுகுழல். ஒரு குதிரைத்தலை என் எதிரே வந்து குனிந்து வணங்கிற்று. அந்த மண்ணின் ஏதோ ஒரு திருவிழா. ஜெஸிந்தா மூன்று முறை பேச முயன்றது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. அவள் பள்ளிக்காலத்திலும் இப்படித்தான். சொல்லவேண்டியதை ஓங்கிச் சொல்லமாட்டாள்.

"என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், திரும்பிப் போகிறோம்" என்றேன். பதில் வரவில்லை. பிடித்திருந்த கையைப் பார்த்தேன். வெள்ளைக் கையுறை. ஒரு கோமாளி. என் கையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டினான்.

என் கணவர் இல்லை.

நான் அஞ்சவில்லை. என் இதயம் சற்று வேகமாக அடித்தது, அது பாலத்தின் ஏற்றம். அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் தோன்றியது உலகம்மையின் முகம் அன்று. என் வாக்கும் அன்று. கம்பிவலை வைத்த அந்தச் சின்னஞ்சிறு குழாய் தோன்றிற்று. மருத்துவர் அதைத் திரையில் காட்டியிருந்தார். வைக்கோல் தும்பின் பருமன்கூட இல்லை. இவ்வளவு கூட்டத்தில் ஒரே ஓர் இடி போதும்.

குடையைத் தலைக்குமேல் தூக்கினேன். "விலகுங்கள்!" என்றேன், தமிழில்தான். காலை வணக்கக் கூட்டத்தில் எண்ணூறு பேருக்கு ஒலிபெருக்கி இல்லாமல் பேசிய குரல் இது. விலகினார்கள். விலகியதோடு நில்லாமல் கைதட்டினார்கள். இருபுறமும் ஒளிப்படம் எடுத்தார்கள். ஒருவன் மண்டியிட்டு என் மேற்கோட்டின் பித்தளைப் பொத்தானைப் படமெடுத்தான். ஒரு சீமாட்டி என் குரங்குக் குல்லாவைத் தொட்டுப் பார்த்து, கண்ணீர் வரச் சிரித்து, தன் நெஞ்சில் கைவைத்துத் தலைவணங்கினாள். முதியோர்க்கு மரியாதை செய்யத் தெரிந்த மக்கள் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

இரண்டு பாலங்கள் கடந்தேன். ஒரு சிறு சதுக்கம். அங்கே கூட்டம் வட்டமாக நின்றது. கோலம் போட்டதைப் போன்ற வட்டம், அம்மா. ஒருவர் கால் உள்ளே வரவில்லை. சரியாக இரண்டு முழம். நடுவில் ஆரஞ்சு மழைச்சட்டை.

ஆடிக்கொண்டிருந்தார்.

என் கணவர். சபாநடேசன். எங்கள் கல்யாண ஊர்வலத்தில் காரிலிருந்து இறங்கவே கூச்சப்பட்டவர். பணி ஓய்வு விழாவில் நன்றி சொல்ல மேடையேறாதவர். முரசுக்கு ஏற்பக் கைகளை விரித்து, காலைத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி நின்று, குனிந்து, மடையின் திருகைச் சுழற்றுவதைப் போலக் கையைச் சுழற்றி... நான் பார்த்தேன், பாபநாசத்தில் தண்ணீர் திறந்துவிடும் அதே கைவீச்சு. அவர் சுழற்றச் சுழற்ற, வட்டத்தில் நின்ற முகமூடிகள் யாவும் "ஓ..." என்று அலையாக எழுந்தன. எதிர்ப்புறம் சுழற்றினார், அமர்ந்தன. மறுபடி திறந்தார். "ஓ..."

வட்டத்தின் விளிம்பில் நின்ற கொக்கு மூக்கன் அவர் நெஞ்சிலிருந்த அட்டையைச் சுட்டிக்காட்டி, புதிதாக வருவோருக்கெல்லாம் உரக்கப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தான். முழம் என்ற இடத்தில் தன் முழங்கையை நீட்டி அளந்தும் காட்டினான். கன்னியாஸ்திரியின் இத்தாலியம் பழுதற்றது.

"போதும்!" என்றேன். மூன்று முறை கைதட்டினேன். பள்ளிக்கூடத்துக் கைதட்டல்.

சதுக்கம் அமைதியாயிற்று. முரசும் நின்றது. அவர் என்னைக் கண்டார். குல்லாவுக்குள் அந்த முகம்... நாற்பது ஆண்டுகளில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. "ஏளா, தொறந்துவிட்டேன்ளா! எல்லாத்தையும் தொறந்துவிட்டேன்!" என்றார்.

என்ன செய்வது? இப்படியே அவரை நடத்தி அழைத்துப்போனால் பாலத்தில் இடிபடுவார். ஆகவே நான் ஒழுங்கை நிலைநாட்டினேன். "வரிசை!" என்றேன். குடையால் கோடு காட்டினேன். முன்னால் நான், எனக்குப் பின்னால் அவர், இரண்டு முழம் விட்டுக் கொக்கு மூக்கன், அவனுக்குப் பின்னால் குதிரைத்தலை, கப்பல்காரி, கோமாளி, ஒவ்வொருவராக. ஒருவர் அங்கியின் நுனியை ஒருவர் பிடித்துக்கொண்டனர். "இடது! வலது! இடது!" அவர்களும் அதே சொற்களைத் திருப்பிச் சொன்னார்கள், அம்மா, "இததூ! வலதூ!" என்று அந்த நகரமே எதிரொலித்தது. முரசு எங்கள் நடைக்குத் தாளம் பிடித்தது. ஒரு பாலம் ஏறினோம், இறங்கினோம், இன்னொரு பாலம். படகுகளிலிருந்து துணுக்குகளை வீசினார்கள். திரும்பிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வரிசை. என் பணிக்காலம் முழுவதிலும் அவ்வளவு நேரான வரிசையை நான் அமைத்ததில்லை.

விடுதியின் வழியில் ஒரு மேடை. அதன்மேல் நின்ற பெரியவர் எங்களைக் கண்டதும் இறங்கி ஓடிவந்து, என்னை மேடையேற்றி, தங்கநிறக் காகிதக் கிரீடம் ஒன்றைக் குல்லாவின்மேல் வைத்து ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார். முதல் பரிசு. விரலால் ஒன்று என்று காட்டினார். மொழி தெரியாததால் எதற்கான பரிசு என்று கேட்கவில்லை. கட்டுப்பாட்டுக்கான பரிசாகத்தான் இருக்க வேண்டும். என்னுடன் மேடையில் நின்ற மற்றவர்கள் இருவரும் விசித்திரமான மாறுவேடங்களில் இருந்தனர். அவர்களிடையே சாதாரண உடையில் நின்றவள் நான் ஒருத்தியே.

கீழே இறங்கி அவரைப் பார்த்தேன். நெற்றியில், குல்லாவின் விளிம்புக்குக் கீழே, ஒரு துளி.

அது பனி. ஐந்து பாகைக் குளிரில் வியர்வை எப்படி வரும்? என் முந்தானையால் துடைத்துவிட்டேன். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. பனிதான்.

மறுநாள் காலை உலகம்மை அழைத்தாள். "மதினி, ஒங்களயும் அண்ணனயும் போன்ல பாத்தேன். எவனோ வீடியோ போட்ருக்கான், ஊரே பாக்கு. நம்ம ஜெஸிந்தா அனுப்பிச்சா. கூட்டமே இருக்காதுன்னிய?"

"அது கூட்டம் அன்று, உலகம்மை. அணிவகுப்பு."

"அணிவகுப்பா! குதிரக்காரன் அண்ணன் பின்னாடி குதிக்கான்!"

"பின்னாடிதானே? இடித்தானா? மறுபடி ஓடவிட்டுப் பார். ஒரு தோளாவது அவர்மேல் பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்."

மறுமுனையில் அந்த முரசுச் சத்தம் மறுபடி மறுபடி கேட்டது. பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து முறை பார்த்தாளாம். "படல மதினி" என்றாள் கடைசியில். பிறகு மெல்ல, "அண்ணன் என்னமா சிரிக்கான்..." என்றாள். "ஆமா, நெத்தியில என்னது அது, ஒங்க முந்தானய வச்சுத் தொடைக்கிய?"

"காகிதத் துணுக்கு" என்றேன். பனி என்றால் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கும்.

ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் காட்டினோம். கருவியை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "எங்க சார் போயிருந்தீங்க? பிரஷர் இவ்வளவு நல்லா இருக்கு!" என்றார். கூட்டமும் வெயிலும் இல்லாத ஓரிடத்துக்கு என்று நானே பதில் சொன்னேன். என் வாக்கு நிறைவேறிற்று. வீட்டில் இன்றும் பயணத்தைப் பற்றி நான் சொல்வதே முடிவு.

ஆகவே, அம்மா, நீங்களும் கோடையில் போகாதீர்கள். கேளிக்கைக்காக அலையும் கும்பலில் மாட்டிக்கொள்வதற்கா அவ்வளவு தொலைவு போவது? எனக்கு அந்தக் கூத்துகள் அறவே பிடிக்காது.

திண்டுக்கல் தாண்டிவிட்டோமா? அதோ அவர் விழித்துக்கொண்டார். வருகிறார். தேநீர் வேண்டும் என்பார்.

என்ன? பெட்டியா? பத்திரமாகத்தான் இருக்கிறது. மெதுவாகப் பேசுங்கள். போய் உங்கள் சன்னலோரத்தில் உட்காருங்கள்.

அவர் சொன்னது உங்கள் காதில் விழுந்துவிட்டது, அம்மா. "கிரீடம் நசுங்கலயே?" என்றுதான் கேட்டார். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இன்று காலை பாரிமுனையில் நாடகச் சாமான் கடை ஒன்றில் வாங்கினோம். ராஜபார்ட் கிரீடம் இரண்டு. கண்ணாடிச் சில்லு பதித்தது. காகிதம் அன்று, கெட்டி அட்டை. கீழே சுருட்டி வைத்திருப்பது புஜகீர்த்தி, அதாவது தோளில் கட்டும் சிறகு. அவருக்கு. அந்தச் சிறு பொட்டலத்தில் இருப்பது ஒட்டு மீசை. அது உலகம்மைக்கு. அவளே கேட்டாள், முறுக்கிவிட்ட மாதிரிதான் வேண்டுமாம். விசாவுக்குக் கைரேகை பதிய அவளும் எங்களுடன்தான் சென்னைக்கு வந்தாள், பின்னால் உள்ள ரயில்பெட்டியில் இருக்கிறாள். மூவருக்கும் அட்டைகள் தயார்.

ஆமாம், அதே ஊர்தான். நீர் மராமத்து முழுவதையும் அவர் பார்த்து முடிக்கவில்லை. பிப்ரவரியில்தான். பயண நாளை ஜெஸிந்தாவே குறித்துக்கொடுத்தாள். இந்த முறை அவளை முழுவதும் பேசவிட்டேன். நின்றுகொண்டே பேசினாள்.

கூட்டமா? அதெப்படி இருக்கும், அம்மா? பொதுத்தேர்வு நெருங்கும் நேரம். ஒருவரும் வீட்டைவிட்டு நகரமாட்டார்கள்.